நியாயமான வானிலையே, நின்று போ

வைதேகி பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது புகழுக்காக அல்ல. பரிசுக்காகவும் அல்ல. சிங்கப்பூர் போக ஒரு விமான டிக்கெட்டுக்காக. இதை அவள் யாரிடமும் ஒளிக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலிய தேசியப் பாடல் தேர்வாணையத்தின் பெரியவர்களுக்கு ஒளித்து வைக்காத விஷயங்கள் கண்ணில் படுவதில்லை.

சிங்கப்பூரில் அவளுடைய அக்கா வேதவல்லி இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, கோயில் குளம் எல்லாம் சுற்றி ஓய்ந்து, இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. ஏப்ரலில் பிரசவம். அம்மா இல்லாத பெண்கள் இருவரும். "நான் வரேன் அக்கா, நீ கவலைப்படாதே" என்று வைதேகி சிட்னியிலிருந்து எழுதிப் போட்டுவிட்டாள். எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் கணவனிடம் டிக்கெட் விலையை விசாரித்தாள்.

பாஸ்கர் நல்லவன். ரயில்வேயில் இன்ஜினியர். மெல்போர்னில் ஆறு மாதம், சிட்னிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. விலையைச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீந்திப் போனா செலவே இல்லை" என்றான். அன்று ராத்திரி அவனுக்கு ரசம் சாதம் மட்டும்தான் கிடைத்தது.

வழி காட்டியது அடுத்த வீட்டு சிவனேஸ்வரி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு சனிக்கிழமை காலையில் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"இஞ்ச பாரும் வைதேகி. ஆசிய பசிபிக் பாட்டுப் போட்டியாம். ஏப்ரல் மாசம், சிங்கப்பூரில. இந்த நாட்டுக்காகப் பாட ஒராளை அரசாங்கம் தன்ர செலவில அனுப்புதாம்."

"நானெல்லாம் என்ன பாடறேன் அக்கா?"

"ஓம், அப்ப ஒவ்வொரு நாளும் குசினிக்குள்ள நிண்டு பாடுறது ஆர்? பூனையே? எனக்கு மதில் தாண்டிக் கேக்குது. சும்மா பேரைக் குடும்."

வைதேகி பெயர் கொடுத்தாள். அவளே இட்டுக்கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. மழை நாளில் ஜன்னலோரம் நின்று அக்காவை நினைத்துக்கொண்டபோது ஆனந்தபைரவியில் தானாக வந்தது.

வடக்கே போகும் மழையே - என்
அக்கா வாசலில் நின்று போ
வெள்ளிக் கொலுசாய்ச் சிணுங்கிப் போ - நான்
வருவேன் என்று சொல்லிப் போ

அவ்வளவுதான் பாட்டு. நான்கு வரி. அதற்கு என்ன கதி நேரப்போகிறது என்று அன்றைக்கு யார் கண்டது?

தேர்வாணையத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் ஆகாது. தலைநகர் யாருக்கு என்ற சண்டையில் இரண்டு ஊருக்கும் இல்லாமல், நடுவே ஆடு மேய்ந்த இடத்தில் கான்பெராவைக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். பாட்டுக்கு மட்டும் ஒத்துப்போவார்களா? ஆணையத்தில் சிட்னி தரப்புக்கு ஒருவர், மெல்போர்ன் தரப்புக்கு ஓர் அம்மாள், மற்ற மாநிலங்களுக்கு ஆளுக்கொருவர் என்று போட்டிருந்தார்கள். தலைவர் சர் ஹெக்டர் பாம்ஃப்ரே. காது கொஞ்சம் மந்தம். இசை விஷயத்தில் அவர் யார் பக்கமும் சாயமாட்டார் என்பதற்கு அதைவிட நல்ல உத்தரவாதம் கிடையாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மிஸ்டர் லாங்வொர்த். யார் எதைச் சொன்னாலும் குறிப்பெடுத்துக்கொள்வார். குறிப்பில் ஏறிவிட்டால் அது உண்மை.

சிட்னியில் கூட்டம் போட்டால் மெல்போர்ன் வராது. மெல்போர்னில் போட்டால் சிட்னி வராது. ஆகவே நடுவழியில், எல்லை ஆற்றங்கரையில் இருந்த ஆல்பரியில்தான் குரல் தேர்வு. சிட்னிக்காரர் ஆற்றுக்கு இந்தக் கரையில் தங்கினார். மெல்போர்ன் அம்மாள் அந்தக் கரையில் தங்கி, தினமும் பாலம் கடந்து வந்தார்.

பாஸ்கர் தன் பழைய ஹோல்டன் காரில் வைதேகியை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். நாற்பது பேருக்கு மேல் பாடி முடித்திருந்தார்கள். சிட்னிப் பாடகர்கள் எல்லாரையும் மெல்போர்ன் நிராகரித்திருந்தது. மெல்போர்ன் பாடகர்கள் எல்லாரையும் சிட்னி நிராகரித்திருந்தது. அடிலெய்டிலிருந்து வந்த ஒரு பையனை மட்டும் இருவரும் சேர்ந்து நிராகரித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை நிலவியதாகக் குறிப்பில் ஏறியது.

"திருமதி பாஸ்கர், பாடலாம்" என்றார் லாங்வொர்த்.

இங்கேதான் வைதேகி அந்தத் தப்பைச் செய்தாள். தப்பு என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் பிறந்து வளர்ந்த திருச்சியில் பாடத் தெரிந்த எந்தப் பெண்ணும், பாடு என்றதும் வாயைத் திறந்துவிட மாட்டாள். முதலில், "எனக்கு என்ன தெரியும்?" என்பாள். அடுத்தது, "இன்னிக்குத் தொண்டை சரியில்லை" என்பாள். "பரவாயில்லேம்மா, சும்மா பாடு" என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அப்புறம்தான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு குயில் மாதிரிப் பாடுவாள். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு வைதேகியும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் பாடினாள். பாடத் தெரியாத பெண்கள்தான் தொண்டையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பாடிவிடுவார்கள்.

"எனக்கு அவ்வளவாகப் பாட வராது. அதிலும் இன்று தொண்டை சரியாக இல்லை" என்றாள் வைதேகி அடக்கமாக.

பரவாயில்லை, பாடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. லாங்வொர்த் எழுதிக்கொண்டிருந்தார். பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, அவளாகவே பாடினாள்.

பாடி முடித்ததும் சிட்னிக்காரர் கேட்டார்: "இவர் எந்த ஊர்?"

"இப்போது சிட்னி. அதற்கு முன் மெல்போர்ன்" என்றார் லாங்வொர்த்.

"எங்கள் பெண்" என்றார் சிட்னிக்காரர்.

"எங்களிடமிருந்து போனவர்" என்றார் மெல்போர்ன் அம்மாள்.

"பாட்டில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார் தலைவர்.

பாட்டு யாருக்கும் புரியவில்லை. புரியாத பாட்டில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? ஆணையத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு முடிவு ஏகமனதாக நிறைவேறியது. சர் ஹெக்டர் எழுந்து நின்று, "இந்த நாடு எல்லாருடைய குரலுக்கும் காது கொடுக்கிறது" என்று உருக்கமாகப் பேசிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "பாடி முடித்துவிட்டாரா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது வைதேகி கார் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா மூஞ்சியைப் பார்க்கப் போறேன்னா! நம்பவே முடியலை."

"எனக்கும்தான்" என்றான் பாஸ்கர். "ஒரு நாட்டையே ஏமாத்திட்டு அக்கா பிரசவத்துக்குப் போற முதல் ஆள் நீதான்."

இரண்டு வாரத்தில் ஆணையத்திலிருந்து ஆள் வந்தது. பாடகியே தன் தொண்டை சரியில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருப்பதால் மருத்துவப் பரிசோதனை அவசியமாம்.

"அது சும்மா சொல்றது" என்றாள் வைதேகி.

"அப்படியானால் ஆணையத்திடம் பொய் சொன்னீர்களா?" என்று வந்தவர் பேனாவைத் திறந்தார்.

வைதேகி பதறிப்போய், "இல்லை இல்லை, கொஞ்சம் சரியில்லைதான்" என்றாள்.

சிட்னியில் பெரிய டாக்டர்கள் எல்லாம் மக்குவாரி தெருவில் இருப்பார்கள். மெல்போர்னில் காலின்ஸ் தெருவில். மக்குவாரி தெரு நிபுணர் அவள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். சிட்னி ஒன்றுமில்லை என்றால் மெல்போர்ன் ஒப்புக்கொள்ளுமா? காலின்ஸ் தெருவுக்கு ரயிலேறினாள். அந்த நிபுணரும் நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சிட்னி டாக்டருக்குத் தெரியாததும் எனக்குத் தெரியாததும் ஒன்றல்ல. இது ஆழமாக மறைந்திருக்கும் கோளாறு."

"டாக்டர், எங்கள் ஊரில் அப்படிச் சொல்வது ஒரு மரியாதை" என்றாள் வைதேகி.

"மரியாதையால் வரும் தொண்டைக் கோளாறு!" என்று அவர் கண்கள் பளபளத்தன. "இதைப் பற்றி இதுவரை யாரும் கட்டுரை எழுதவில்லை."

முடிவாக, பாடகியின் தொண்டையைக் கண்காணிக்க சிட்னி டாக்டரும், சிட்னி டாக்டரைக் கண்காணிக்க மெல்போர்ன் டாக்டரும் சிங்கப்பூர் வரை போக வேண்டும் என்று ஆணையம் தீர்மானித்தது.

அதற்குள் பாட்டு இங்கிலீஷில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. அதுவரை யாருக்கும் இல்லாத ஆட்சேபங்கள் அன்றைக்குப் பிறந்தன. குவின்ஸ்லாந்தில் அப்போதுதான் பெரிய வெள்ளம் வந்து வடிந்திருந்தது. மழையை வரவேற்பது அவர்கள் மனதைப் புண்படுத்தும் என்றார் குவின்ஸ்லாந்துக்காரர். தெற்கு ஆஸ்திரேலியாவில் வறட்சி. மழையை எடுத்துவிட்டால் அவர்கள் மனம் புண்படும். "நியாயமான வானிலை" என்று போட்டுச் சமாதானம் செய்தார்கள். வடக்கே என்று மட்டும் சொன்னால் தாஸ்மேனியா வருந்தும் என்று "உரிய திசை" ஆயிற்று. வெள்ளிச் சுரங்கம் சிட்னியின் மாநிலத்தில் இருப்பதால் "வெள்ளி" விளம்பரம் என்று பெர்த்திலிருந்து ஒருவர் கடும் கண்டனம் தெரிவித்தார். தங்களிடம் இரும்பு இருப்பதாக நினைவூட்டினார். "பல்வகைக் கனிமம்" என்று வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் அக்கா. வெளியுறவு இலாகாவிலிருந்து ஒருவர் வந்து, "மூத்த சகோதரி என்று எந்த நாட்டைச் சொல்கிறீர்கள்? இங்கிலாந்தையா, அமெரிக்காவையா?" என்று கேட்டார்.

"வேதவல்லியை" என்றாள் வைதேகி.

அப்படி ஒரு நாட்டோடு தூதரக உறவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாக அவர் போனார். குடியேற்றத் துறையும் தன் பங்குக்கு, "வருவேன்" என்று யாரும் உறுதி தரக்கூடாது என்றது.

திருத்திய இங்கிலீஷைத் திரும்பத் தமிழாக்கும் பொறுப்பு பாஸ்கரின் தலையில் விழுந்தது. ஒரு சொல்கூட விடாமல் மொழிபெயர்க்க வேண்டும் என்று உத்தரவு. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதி முடித்தான். படித்துக் காட்டும்போது அவனுக்குத் தொண்டை அடைத்தது, சிரிப்பில்.

உரிய திசையில் செல்லும் நியாயமான வானிலையே
சம்பந்தப்பட்ட உறவினர் இல்லத்தில் நின்று போ
பல்வகைக் கனிமங்களாய் ஒலித்துப் போ
வர வாய்ப்புண்டு என்று சொல்லிப் போ

"ஏன்னா, இதை ஆனந்தபைரவியில் எப்படிப் பாடறது? 'சம்பந்தப்பட்ட'வுக்கே ரெண்டு ஆவர்த்தனம் போயிடுமே!"

"பாடத்தான் வேணும். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கே. அதோட உனக்கு வேண்டியது டிக்கெட்தானே?"

வாஸ்தவம். வைதேகி கண்ணை மூடிக்கொண்டு பயிற்சி செய்தாள். மதிலுக்கு அந்தப்பக்கம் சிவனேஸ்வரி அக்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "என்னடியப்பா, பாட்டுப் படிக்கிறீரோ, இல்லாட்டி ஆரோ ஒராளின்ர காணி உறுதிப் பத்திரம் வாசிக்கிறீரோ?"

மார்ச் மாதக் கடைசியில், பயணத்துக்கு முந்திய இறுதிக் கூட்டம். இதுவும் ஆல்பரியில்தான் நடந்தது. விமானத்தில் ஆணையத்துக்குப் பதினாறு இருக்கை. லாங்வொர்த் பெயர்களை வாசித்தார். தலைவர். தலைவரின் மனைவி. செயலாளர். சிட்னிப் பார்வையாளர். மெல்போர்ன் பார்வையாளர். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாததால் நடுவே உட்கார ஒருவர். கொடி பிடிக்க ஒருவர். கொடி மடிக்க ஒருவர். இரண்டு டாக்டர்கள். இப்படியே போய்ப் பதினாறாவது இருக்கை தலைவரின் நன்றியுரையை எழுதுபவருக்கு வந்து நின்றது.

வைதேகி காத்திருந்தாள். லாங்வொர்த் காகிதத்தை மடித்தார்.

"என் பெயர்?" என்றாள்.

லாங்வொர்த் மீண்டும் விரித்துப் பார்த்தார். "உங்கள் குரல் ஒலிநாடாவில் இருக்கிறது, திருமதி பாஸ்கர். சந்தேகத்துக்குரிய ஒரு தொண்டையை அவ்வளவு தூரம் எடுத்துச் செல்லும் அபாயத்தை ஆணையம் ஏற்க முடியாது. நாடாவுக்கு இருக்கையும் தேவையில்லை."

"அப்படியானால் டாக்டர்கள் எதற்கு?"

"உங்கள் தொண்டைக்கு" என்றார் லாங்வொர்த் பொறுமையாக.

மாப்பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டு ஜானவாச ஊர்வலம் புறப்பட்ட கதை. வேதவல்லியிடமிருந்து கடைசியாக வந்த கடிதம் வைதேகியின் கைப்பையில் இருந்தது. 'கால் வீங்கறதுடி. ராத்திரி பயமா இருக்கு. நீ வரேன்னு தினமும் வயித்துக்கிட்டே சொல்லிண்டிருக்கேன்' என்று எழுதியிருந்தாள். பிறந்தது முதல் பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தாதவள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"என் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. நான் ரொம்ப நன்றாகப் பாடுவேன். இந்த அறையில் மட்டுமில்லை, இந்த நாட்டிலேயே என்னைப் போல் பாட ஆள் கிடையாது."

சொல்லி முடித்ததும் அவளுக்கே காது சிவந்துவிட்டது. இப்படித் தற்பெருமை பேசுவதை அப்பா கேட்டிருந்தால் திருச்சியை விட்டே போயிருப்பார். ஆணையத்தார் நகைக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. பேனாச் சத்தம் கேட்டது.

"கோளாறு கிடையாது," என்று லாங்வொர்த் எழுதிக்கொண்டே வாசித்தார். "இந்த நாட்டிலேயே ஆள் கிடையாது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

சிட்னிக்காரர் மெல்போர்ன் அம்மாளைப் பார்த்தார். மெல்போர்ன் அம்மாள் கூரையைப் பார்த்தார். தங்கள் பெண்ணை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? ஏகமனதாக நிறைவேறியது.

தொண்டை சரியாகிவிட்டதால் டாக்டர்கள் இருவரும் போக வேண்டியதில்லை. காலின்ஸ் தெரு நிபுணர் தன் கட்டுரை பாதியில் நிற்பதாக வருந்தினார். காலியான இரண்டு இடத்தில் ஒன்று வைதேகிக்கு. இன்னொன்றைப் பாஸ்கருக்குக் கேட்டாள். கணவன் வர விதியில் இடமில்லை என்றார்கள். தொண்டை தொடர்ந்து நலமாக இருப்பதைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்று, அந்த இடம் சர் ஹெக்டரின் மைத்துனருக்குப் போயிற்று. ஆட்டுத் தோல் ஏற்றுமதி செய்பவர், தங்கமான மனிதர்.

அந்தத் தங்கமான மனிதர் தன் வேலையைத் தங்கமாகவே செய்தார். சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறங்கிய நிமிஷம் முதல் பாட்டு முடியும்வரை பாடகி பேசக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். ஓட்டல் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை வேதவல்லி வயிற்றைத் தள்ளிக்கொண்டு, கணவன் வாசுதேவனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சர் ஹெக்டரின் மைத்துனரும் கூடவே உள்ளே வந்தார். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள்.

"இளைச்சுட்டியேடி! அங்கே நல்ல அரிசி கிடைக்கறதா? ஆத்துக்காரர் எப்படி இருக்கார்? ஏண்டி பதிலே சொல்ல மாட்டேங்கறே? கோவமா?"

வைதேகி மைத்துனரைக் காட்டினாள். தொண்டையைக் காட்டினாள். வாயில் விரலை வைத்தாள்.

"பேசக்கூடாதா? இது எந்த ஊர் நியாயம்? சரி, நானே பேசறேன்" என்று வேதவல்லி உட்கார்ந்தாள். ஒன்பது வருஷத்துக் கதை. அவளே கேள்வி கேட்டாள், வைதேகியின் பதிலையும் அவளே சொன்னாள், அந்தப் பதில் பிடிக்காமல் அவளே கோபித்தும் கொண்டாள். வைதேகி அக்காவின் வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிட்டாள். போகும்போது வாசுதேவன் சொன்னார்: "கல்யாணமானதிலேருந்து இவ இவ்வளவு சந்தோஷமாப் பேசி நான் பார்த்ததில்லை. நானும் இனிமே வாயைத் திறக்காம இருந்து பார்க்கணும்."

போட்டி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு நாடுகள். வாசுதேவன் தன் ஆபீசில் பாஸ் வாங்கி வேதவல்லியோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சிங்கப்பூர்த் தமிழர்கள் திரளாக வந்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்காக ஒரு தமிழ்ப் பெண் பாடுகிறாள் என்றால் சும்மாவா?

கொடி பிடிப்பவர் கொடியோடு வந்து நின்றார். கொடி மடிப்பவர் தயாராக நின்றார். வைதேகி மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவையில் மேடையேறிக் கைகூப்பினாள். ஆனந்தபைரவி தவழ்ந்து வந்தது. ஆலாபனையிலேயே மண்டபம் அடங்கிவிட்டது. வேதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பாட்டு வந்தது.

"உரிய திசையில் செல்லும்… நியாயமான வானிலையே…"

மூன்றாவது வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

"சம்பந்தப்பட்ட… உறவினர் இல்லத்தில்… நின்று போ…"

அவ்வளவு உருக்கமாக, அவ்வளவு குழைவாக, சம்பந்தப்பட்ட உறவினரை இதுவரை யாரும் பாடியதில்லை. அந்தச் சம்பந்தப்பட்ட உறவினருக்குத் தோள் குலுங்கியது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்தார். கனிமங்கள் வந்தபோது வரிசை வரிசையாகக் கண்ணீர் வழிந்தது. "வர வாய்ப்புண்டு" என்று வைதேகி மேல் சட்ஜமத்தில் நின்றபோது வேதவல்லியால் தாங்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, சட்டென்று வாசுதேவனின் கையை இறுகப் பற்றினாள்.

"ஏன்னா… வலிக்கறது."

"சிரிச்சா வயிறு வலிக்கத்தான் செய்யும்."

"அந்த வலி இல்லேன்னா!"

மேடையிலிருந்து வைதேகி இதைப் பார்த்தாள். கடைசி வரியை முடித்தாள், கைகூப்பினாள், படியிறங்கி ஓடினாள். மைத்துனர் ஒப்பனை அறை வாசலில் காத்திருக்க, அவள் முன்வாசல் வழியாக அக்காவோடு டாக்சியில் ஏறிவிட்டாள். "மூச்சை அடக்காதே, இழுத்து விடு, பயப்படாதே, நான் இருக்கேன்" என்று ஆஸ்பத்திரி வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். வேதவல்லிக்குக் குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. அக்காவின் மூக்கு. பிறந்த கையோடு ஆஸ்பத்திரி அதிரக் கத்தியது.

போட்டியில் ஆஸ்திரேலியாவுக்குப் பதினோராவது இடம். பன்னிரண்டாவது இடம் பெற்ற நாட்டின் குழு, புயலில் விமானம் கிளம்பாததால் வரவே இல்லை. அன்று காலை ஓட்டலில் சர் ஹெக்டர் பத்திரிகையாளர்களுக்குப் பேட்டி கொடுத்தார். "நாங்கள் ஒரு நாட்டை வென்றிருக்கிறோம். அதுவும் முதல் முயற்சியிலேயே. மூன்றாவது வரிசையில் மக்கள் கண்ணீர் விட்டதை நானே பார்த்தேன். கலையில் தனிமனிதர் முக்கியமில்லை. கூட்டு உழைப்புதான் முக்கியம். இந்த வெற்றியில் ஆணையத்தின் பங்கு என்ன என்று கேட்டால், முழுவதும் என்றுதான் அடக்கத்தோடு சொல்வேன்."

"பாடகியை நாங்கள் பார்க்கலாமா?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"தாராளமாக," என்று சர் ஹெக்டர் நன்றியுரை எழுதுபவரைக் கைகாட்டினார்.

அன்று மாலையே திரும்பும் விமானம். விமானத்தின் வாசலில் லாங்வொர்த் தலைகளை எண்ணினார். பதினாறு. போகும்போதும் பதினாறுதான். நிம்மதியாக ஏறிக்கொண்டார். தன் மாநிலத்துக்கு இருக்கை தரவில்லை என்று கண்டனம் தெரிவிக்கச் சொந்தச் செலவில் சிங்கப்பூர் வந்திருந்த பெர்த்காரர், திரும்பும் பயணத்திலாவது நீதி கிடைத்ததே என்று வைதேகியின் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

சிட்னி விமான நிலையத்தில் பாஸ்கர் ரோஜாப்பூக்களோடு நின்றிருந்தான். சிவனேஸ்வரி அக்காவும் வந்திருந்தாள். கொடி வந்தது. தலைவர் வந்தார். மைத்துனர் வந்தார். எல்லாரும் வந்து முடிந்து கதவும் மூடிக்கொண்டது.

"சார், என் மனைவி எங்கே?"

"யார்?" என்றார் லாங்வொர்த்.

"வைதேகி. பாடினவள்."

லாங்வொர்த் திரும்பிப் பார்த்து மறுபடி எண்ணினார். "பதினாறு சரியாக இருக்கிறதே, மிஸ்டர் பாஸ்கர். ஒருவர் குறைகிறார் என்றால் நீங்கள் தவறாக எண்ணுகிறீர்கள்."

"எனக்கு இருக்கிறதே ஒருத்திதான் சார். அதை எப்படித் தவறா எண்ணறது?"

"கடவுளே," என்றாள் சிவனேஸ்வரி அக்கா, தலையில் கை வைத்து. "பொம்பிளையைத் துலைச்சுப் போட்டுக் கொடியைக் கொண்டு வந்திருக்கினம்!"

ஆணையம் அவசரமாகக் கூடியது. அவசரம் என்றால் பத்து நாளில், ஆல்பரியில். பாடகியைத் தாயகம் கொண்டுவர ஒரு மீட்புக் குழு தேவை என்று தீர்மானமாயிற்று. சிட்னிக்கு இருவர் என்றால் மெல்போர்னுக்கும் இருவர். அவர்கள் பேசிக்கொள்ளாததால் நடுவே ஒருவர். அதில் இன்னொரு சிக்கலும் முளைத்தது. ஆணையத்தில் ஒருவருக்கும் பாடகியின் முகம் நினைவில்லை. தவறான பெண்ணை அழைத்து வந்துவிட்டால்? ஆளை அடையாளம் காட்டத் தெரிந்த நிபுணர் ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும் என்று மெல்போர்ன் அம்மாள் வற்புறுத்தினார். அப்படிப்பட்ட நிபுணர் யார் என்று தேடிப் பார்த்ததில், நாட்டிலேயே ஒரே ஒருவர்தான் அகப்பட்டார்.

பாஸ்கர் அன்று சாயங்காலமே ட்ரங்க் கால் போட்டான். வேதவல்லி வீட்டுக் கூடத்தில் வைதேகி ஒரு கையில் போனும் இன்னொரு கையில் குழந்தையுமாக நின்றாள். அடுப்பில் அக்காவுக்குப் பத்தியச் சமையல் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னையும் சேர்த்திருக்காடீ! எனக்கும் டிக்கெட்! நான் வந்துதான் உன்னை அடையாளம் காட்டணுமாம்."

"நிஜமாவா? எப்பன்னா கிளம்பறேள்?"

"குழுவுக்குத் தலைவர் யார்னு ஒரு உபகுழு. அந்த உபகுழு எந்த ஊர்ல கூடறதுன்னு அடுத்த மாசம் பேசறாளாம். நீ தனியாத் திரும்பிடக் கூடாது, அது விதிக்கு விரோதம்னு கண்டிப்பாச் சொல்லிட்டா. நான் வேணா போய்க் கொஞ்சம் சண்டை போடட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம்!" என்றாள் வைதேகி அவசரமாக. "பாவம், பெரியவா. நிதானமா நன்னா யோசிச்சுப் பண்ணட்டும். ஒவ்வொரு மாநிலத்தையும் கேட்கச் சொல்லுங்கோ. யாரையும் விட்டுடப் போறா."

போனை வைத்ததும் வேதவல்லி கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். "யாருடி, ஆத்துக்காரரா? எப்ப வராராம் உன்னை அழைச்சுண்டு போக?"

குழந்தை கொட்டாவி விட்டது. வைதேகி அதன் பொக்கை வாயை எட்டிப் பார்த்தாள்.

"இவளுக்குப் பல் முளைக்கறதுக்குள்ளே வர வாய்ப்பே இல்லை அக்கா" என்றாள். "நீ நிம்மதியாத் தூங்கு."